முதலில் மூடி, அப்புறம் வண்டி

2016இல் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் ஓடியது. கட்டுமான வேலைக்கான சிறிய லோடர் ஒன்று ஏறக்குறைய 375 கிலோ கற்களை அள்ளிவந்து ஒரு பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் கொட்டுகிறது. அது எஃகுத் தொட்டி கொண்ட செவ்ரோலே சில்வராடோ. கீறலும் நெளிவுமாகத் தப்பிவிடுகிறது. அடுத்து அதே எடைக் கற்கள் ஃபோர்டு எஃப்-150இன் அலுமினியத் தொட்டியில் விழுகின்றன. அதில் ஓட்டை விழுகிறது. எடையைக் குறைப்பதற்காக 2015 மாடலில்தான் ஃபோர்டு அலுமினியத்துக்கு மாறியிருந்தது. 300 கிலோவுக்கு மேல் மிச்சம் என்று அதற்குப் பெருமையும் பேசியிருந்தது.

பார்க்க அருமையான விளம்பரம்தான். ஆனால் பிக்கப் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் தொட்டியில் கல் கொட்டுகிறார்கள்? ஸ்ட்ராட்டஜிக் விஷன் என்ற ஆய்வு நிறுவனம் வாகன உரிமையாளர்களைத் தொடர்ந்து கேட்டுத் திரட்டிய விவரங்கள் 2019இல் வெளிவந்தன. பிக்கப் வைத்திருப்பவர்களில் 75 சதவீதம் பேர் ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோதான் ட்ரெய்லர் இழுக்கிறார்கள். 70 சதவீதம் பேர் சாலையை விட்டு இறங்குவதும் அதே அளவில்தான். தொட்டியில் சரக்கேற்றுவது ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை என்றவர்கள் 35 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைத் திருப்பிப் போட்டால், மூன்றில் இரண்டு பங்கினர் தொட்டியைப் பயன்படுத்தத்தான் செய்கிறார்கள் என்று ஆகிறது. பெரும்பாலும் அது வீட்டுச் சரக்காகத்தான் இருக்கும். மளிகை, சைக்கிள், பயணப் பெட்டி, தோட்டத்துக்கு நாலு மூட்டை மண். இவற்றுக்கு மழையும் திருட்டும்தான் எதிரிகள். எஃகா, அலுமினியமா என்ற கேள்வி பெரிய பொருட்டில்லை.

அதனால்தான் முழு அளவு பிக்கப் வாங்க நினைப்பவர் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பிராண்டு, பிறகு எஞ்சின், பிறகு இருக்கைத் தோல், கடைசியில் மிச்சமிருக்கும் பணத்தில் ஒரு தொட்டி மூடி என்றுதான் அங்கே வாங்குகிறார்கள். மாறாக, தொட்டியில் எதைப் போடப் போகிறோம், அதை எப்படி மூடப் போகிறோம் என்று தொடங்கினால் தொட்டியின் நீளம் தெரியவரும். நீளத்திலிருந்து கேபின் தெரியவரும். அதற்குப் பிறகு பிராண்டுக்கு வந்தால் போதும்.

முழு அளவு என்பது நம் ஊர்க் கண்ணுக்குப் பிடிபடாத அளவு. இலங்கையில் டபுள் கேப் என்று கம்பீரமாகப் போகும் ஹைலக்ஸ், சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் போன்றவை அங்கே நடுத்தர அளவு. நான்கு கதவும் ஐந்தரை அடித் தொட்டியும் கொண்ட எஃப்-150 கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளம். கண்ணாடிகளை விரித்தால் எட்டடி அகலம். ஆனால் நம் சாலைகளில் ஓடும் மஹிந்திரா பொலேரோ பிக்கப்பின் 1.7 டன் வகை சுமக்கும் எடையில் பாதியைக்கூட, சொகுசு மாடல் எஃப்-150கள் பல சுமப்பதில்லை. ஒப்பீடு முழுக்க நியாயமானதல்ல. வேகம், பாதுகாப்பு விதி, இழுவைத் திறன் எல்லாம் வேறு. இருந்தாலும் பிரம்மாண்டமும் சுமக்கும் திறனும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

ஃபோர்டு 1925இல் ஆலையிலேயே தொட்டி பொருத்தி விற்ற முதல் மாடல் டி பிக்கப்பின் விலை 281 டாலர், தொட்டியின் நீளம் 56 அங்குலம். பிறகு தொட்டி எட்டடி வரை வளர்ந்து, மறுபடி குறுகத் தொடங்கியது. 1960களின் எஃப் வரிசையில் 64 சதவீதம் தொட்டி, 36 சதவீதம் கேபின் என்று இருந்த விகிதம், 2021 எஃப்-150இல் அப்படியே புரண்டு, கேபின் 63, தொட்டி 37 ஆகிவிட்டதாக ஆக்ஸியோஸ் செய்தி நிறுவனம் 2023இல் கணக்கிட்டுக் காட்டியது. குடும்பம் முன்னால் ஏறிவிட்டது, சரக்கு பின்னால் ஒடுங்கிவிட்டது. அந்த ஒடுங்கிய தொட்டியைக் காரின் டிக்கியாக மாற்றித் தருவதுதான் மூடியின் வேலை.

மூடிகளில் எளியது வினைல் துணியில் வரும் சுருட்டு மூடி. 300 முதல் 600 டாலருக்குள் கிடைக்கும். கேபின் பக்கம் சுருட்டிக் கட்டினால் தொட்டி முழுவதும் திறந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவைத்துக்கூடக் கொண்டுபோகலாம். கத்தி இருந்தால் கிழித்துவிடலாம் என்பது அதன் குறை. கடுங்குளிரில் வினைல் விறைத்து, இழுத்து மாட்டப் போராட வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. மடக்கும் கடின மூடி அலுமினியப் பலகைகளாலோ கூட்டுப்பொருள் பலகைகளாலோ ஆனது, ஆயிரம் டாலரை ஒட்டி விலை. பனி கொட்டும் பகுதிகளுக்கு இது பொருத்தம். பரவலாக விழும் எடை என்றால் 400 பவுண்டு, அதாவது 180 கிலோ வரை தாங்கும் என்று விளம்பரமாகும் வகைகளும் உண்டு. ஆனால் முழுக்க மடக்கி நிமிர்த்தினால் பல வகைகள் பின்கண்ணாடியை மறைத்துவிடும்.

கடை ஷட்டர் போல உள்ளே சுருண்டு போகும் மூடிதான் எல்லோரும் ஆசைப்படுவது. விலை 2,000 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ. எந்த இடத்திலும் நிறுத்திப் பூட்டலாம். ஒரு கையால் திறந்து மூடும் வகைகள் உண்டு, பொத்தானை அமுக்கினால் நகரும் வகைகளும் உண்டு. இந்த அழகுக்கு ஒரு வாடகை இருக்கிறது. சுருள் போய் ஒளிந்துகொள்ளும் பெட்டி தொட்டியின் முன்பக்கத்தில் ஏறக்குறைய ஓரடியைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தரை அடித் தொட்டியில் ஓரடி போனால் மேல்மட்டத்தில் மிஞ்சுவது நாலரை அடி. பெட்டிக்குள் வரும் நீர் வடியும் குழாயில் இலை அடைத்தால், தண்ணீர் நேரே சரக்கின் மேல்தான் இறங்கும். ஒரே பலகையாக, வண்டியின் வண்ணத்திலேயே வரும் ஃபைபர்கிளாஸ் மூடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க ஜோர், கழற்ற இரண்டு ஆள்.

பெரும்பாலோருக்குச் சுருட்டு மூடியே போதும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. பாதுகாப்புக்குக் கடின மூடி என்ற வாதத்தில் பாதிதான் உண்மை. அநேக மூடிகளுக்குத் தனிச்சாவி கிடையாது, பின்கதவு பூட்டியிருந்தால்தான் அவை பூட்டியதாகக் கணக்கு. பின்கதவு பூட்டப்படாவிட்டால் 300 டாலர் மூடியும் 2,000 டாலர் மூடியும் ஒன்றுதான். சாவியின் பொத்தானை அமுக்கும்போது பின்கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் வசதி எல்லா வகைகளிலும் வருவதில்லை. வண்டியைப் பார்க்கப் போகும்போதே இதைச் சோதித்துவிட வேண்டும். மழை விஷயமும் அப்படித்தான். விற்பவர்களே நீர் புகாது என்று எழுதிக் கொடுப்பதில்லை, நீரைத் தடுக்கும் என்றுதான் எழுதுகிறார்கள்.

மூடியின் பிராண்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்வதிலும் பெரிய பயன் இல்லை. பேக், ட்ரக்சீடோ, எக்ஸ்டாங், அண்டர்கவர், ரிட்ராக்ஸ், ரோல்-என்-லாக் என்று ஆறு பெயர்களை மேசையில் பரப்பி ஒருவர் இரவெல்லாம் ஒப்பிடலாம். ஆறும் மிச்சிகனில் உள்ள ரியல்ட்ரக் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். பிராண்டைவிட வகையைப் பார்த்து முடிவெடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூடி போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பார்கள். பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் மிச்சம் என்று அதைவிடப் பழைய நம்பிக்கை ஒன்றும் உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த கெவின் கூப்பர் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பின்கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னது. கதவு சாத்தியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிட, மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போய்விடுகிறது. மூடி அதற்கு மேல் கொஞ்சம் உதவக்கூடும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஆண்டுக்கு 15,000 மைல், கேலனுக்கு 20 மைல், கேலன் மூன்று டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சதவீதம் மிச்சமானாலும் கையில் நிற்பது 45 டாலர். ஆயிரம் டாலர் மூடியின் விலை திரும்பிவர இருபது ஆண்டுக்கு மேல் ஆகும்.

மூடி முடிவானதும் தொட்டி. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகைதான் அமெரிக்கக் கட்டுமானத்தின் அடிப்படை அளவு. எஃப்-150இன் சக்கர மேடுகளுக்கு இடையே 50 அங்குலத்துக்குச் சற்று மேல் இடம் இருப்பதால் 48 அங்குலப் பலகை அகலவாக்கில் படுத்துவிடும். நீளத்தில்தான் சிக்கல். ஆறரை அடித் தொட்டி என்றால் பின்கதவைத் திறந்து வைத்து எட்டடிப் பலகையைக் கிடத்திவிடலாம். ஐந்தரை அடியில் கதவைத் தாண்டியும் பலகை துருத்தும், மூடியைச் சாத்துவது பற்றிப் பேச்சே இல்லை. தொழிலுக்கு வாங்குபவருக்கு இதில் வரிக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 179ஆம் பிரிவு, கனமான எஸ்யுவிகளின் விலையைக் கழித்துக்கொள்ள ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கேபினிலிருந்து எளிதில் எட்ட முடியாத, உள்நீளம் ஆறடிக்குக் குறையாத தொட்டி உள்ள வண்டிக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ஓரடி நீளம் வரிக் கணக்கையே மாற்றிவிடக்கூடும்.

அப்படியும் மக்கள் ஐந்தரை அடியையே வாங்குகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் கராஜ். நான்கு கதவு கேபினோடு ஆறரை அடித் தொட்டியைச் சேர்த்தால் எஃப்-150 இருபது அடியைத் தாண்டிவிடும், இருபது அடி கராஜில் கதவு சாத்தாது. இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் அடங்காத வண்டி தெருவில் எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். முன்மூடியின் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வாகனங்கள் மோதினால், தாழ்வான சரிந்த முகப்பு உள்ளவற்றைவிட, பாதசாரி இறப்பதற்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு ஆய்வு நிறுவனம் (IIHS) 2023இல் சொன்னது.

இனி எடை. விளம்பரங்கள் 13,000 பவுண்டு இழுக்கும் என்று முழங்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர் வேறு கதை சொல்லும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கென்றே அச்சிட்ட எண் அது. கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், மின்சாரப் படிக்கட்டு என்று சொகுசு கூடக் கூட எண் இறங்கும். நான்கு கதவு வண்டி ஒன்றில் அது 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3,400 கிலோ ட்ரெய்லரை மாட்டினால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கும். நடுவே எடுத்தால் 425 கிலோ. பெரியவர்கள் நான்கு பேர் ஏறினால் 300 கிலோ. 725 ஆகிவிட்டது, பெட்டி ஒன்றுகூட ஏற்றவில்லை. மூடியின் 25 கிலோவும் இந்தக் கணக்கில்தான் கழியும். வண்டி 3,400 கிலோவை அனாயாசமாக இழுக்கும், சுமப்பதற்குத்தான் இடமில்லை.

இங்கேதான் ஃபோர்டின் மேவரிக் இடைஞ்சலான கேள்வியைக் கேட்கிறது. 2021இல் 20,000 டாலரை ஒட்டி அறிமுகமான சிறு பிக்கப் அது. அதன் சுமைத் திறன் 1,500 பவுண்டு, மேலே பார்த்த அதே 680 கிலோ. தொட்டி நாலரை அடி, மாடல் டி காலத்து நீளத்துக்கே திரும்பிப் போனது போல. பெரிய ட்ரெய்லர் இழுக்காதவருக்கும் பிளைவுட் ஏற்றாதவருக்கும் முழு அளவு பிக்கப்பில் இதற்கு மேல் என்ன கிடைக்கிறது? பின் இருக்கை விசாலம், உயரமான பார்வை. அதற்கு 60,000 டாலர் கொடுக்க விரும்புபவரைத் தடுக்க வேண்டியதில்லை. வேலைக்காக வாங்குகிறேன் என்று மட்டும் அவர் சொல்லாதிருந்தால் சரி.

பிராண்டு கடைசியில்தான் வருகிறது, அதுவும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நிசான் டைட்டன் 2024 மாடலோடு நின்றுவிட்டதால் பெட்ரோல் எஞ்சின் பந்தயத்தில் மிஞ்சியிருப்பவை எஃப்-150, சில்வராடோ, அதன் உடன்பிறப்பு ஜிஎம்சி சியரா, ரேம் 1500, டொயோட்டா டண்ட்ரா. களம் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் கோழிக்கறியும் ஒரு காரணம். அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா தீர்வையை உயர்த்த, பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் இறக்குமதி லாரிகளுக்கு 25 சதவீதம் விதித்தார். அதனால்தான் டொயோட்டாவும் டண்ட்ராவை டெக்சாஸின் சான் அன்டோனியோவில் செய்கிறது. காலிவண்டியிலும் குலுங்காமல் போக ரேம் நல்ல தேர்வு, பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங் வைத்திருப்பதன் பலன் அது. இன்றைய டண்ட்ராவிலும் காயில்தான். டொயோட்டா என்றால் பழுதே வராது என்ற நம்பிக்கைக்கு 2024இல் அடி விழுந்தது. எஞ்சினுக்குள் தங்கிய உலோகத் துகள்களுக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக ஆறு லட்சத்தை ஒட்டி அழைத்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாத நிலை.

பிராண்டு முடிவானதும் மறுபடி மூடிக்கு வரலாம். ரேம் தொட்டியின் பக்கச் சுவர்களில் பூட்டக்கூடிய பெட்டிகள் வேண்டுமென்றால் மூடியும் அதற்கென்றே செய்ததாக வாங்க வேண்டும், சாதாரண ரேம் மூடி பொருந்தாது. மூடியை டீலரிடமே சேர்த்து வாங்கினால் அதன் விலையும் வண்டிக் கடனில் ஏறி ஆறு ஆண்டு வட்டி தின்னும். வெளியே வாங்கினால் பெரும்பாலான சுருட்டு மூடிகளையும் மடக்கு மூடிகளையும் துளை போடாமல், கவ்விகளை முறுக்கி, ஒரு ஸ்பேனரோடு வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம்.