பொன்னாடை போர்த்தினால் நம்பிக்கை வந்துவிடுமா?



முத்துப்பேட்டையில் விநாயகர் ஊர்வலம் வருகிறது என்றால் அமைதிக் கமிட்டி கூடும். அதிகாரிகள் வருவார்கள். ஜமாஅத் நிர்வாகிகள் முன்வரிசையில் அமர்வார்கள். தேநீர், பொன்னாடை, போட்டோ! ஊர்வலம் முடிந்ததும் வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த போலீசார் வேனில் ஏறிப் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு வரை காவல்துறைக்கும் நமக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. இதற்குப் பெயர் நல்லுறவாம்!

வியாபாரப் பெருமக்களே! உங்கள் கடைப் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கத் தனியாகப் போவீர்களா? மாட்டீர்கள். 'இன்ஸ்பெக்டருக்கு வேண்டியவர்' ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் போவீர்கள். வரி கட்டும் குடிமகன் காவல் நிலையப் படியேற ஒரு தரகர் தேவைப்படுகிறார். இந்த அவமானத்தைப் பொன்னாடை மூடுமா?

நட்பு என்ற பெயரில் நடந்ததையும் பார்த்துவிட்டோம். 1993-இல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கினார். நோக்கம் நல்லதுதான். மாநிலம் முழுவதும் பரவியது. ஆனால் அந்த நண்பர்களுக்கு யார் எஜமான்? பொதுமக்களா, நிலைய அதிகாரியா?

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் வியாபாரி ஒருவரும் அவர் மகனும் ஊரடங்கு நேரத்தைச் சொல்லி நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். சில நாட்களில் இருவருமே பிணமானார்கள். அந்தக் கொடுமையில் காவல்துறை நண்பர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அந்த அமைப்புக்கே தடை போட்டது. நிலையத்தில் கேமரா இருந்தது. ஆனால் பதிவு தினந்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். கணக்குக் கேட்க முடியாத நட்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் போலீசும் மக்களும் சேரவே முடியாதா? முடியும். நம் டெல்டாவின் தலைவாசலான திருச்சியிலேயே நடந்திருக்கிறது.

1997 நவம்பரில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதையடுத்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் பலியானார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. அதன்பின் முஸ்லிம் இளைஞன் என்றாலே சந்தேகப் பார்வை! அந்தக் காலத்தில், 1999-இல், திருச்சி மாநகரக் காவல் ஆணையராக வந்தவர் ஜே.கே. திரிபாதி. அவர் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கவில்லை. நகரை 57 பீட்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் நான்கு காவலர்கள். இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்றில்லாமல் அதே காவலர்கள், அதே தெருக்கள். நிலையத்துக்கு வர அஞ்சுபவர்களுக்காகப் புகார்ப் பெட்டிகள். பெயர் தெரிந்த காவலரிடம் பெயர் தெரிந்த மக்கள் பேசினார்கள். நம்பிக்கை அங்கே பிறந்தது.

ஆனால் நல்ல அதிகாரி மாறுதலாகிப் போனால்? ஆளை நம்பிய நம்பிக்கையும் அவரோடு போய்விடும். சட்டத்தில் எழுதப்பட்டதுதான் நிற்கும். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநிலத்திலும் மாவட்டங்களிலும் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழகம் என்ன செய்தது? 2013-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர்! மாவட்டத்தில் கலெக்டர் தலைவர். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை இது. ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சியிடமும் இதைப் பற்றிக் கேட்டோமா?

இளைஞர்களே! உங்களுக்கும் ஒரு கேள்வி. காவலர் பணியில் முஸ்லிம்கள் வெறும் 6 சதவீதம் என்று 2006-இல் சச்சார் கமிட்டி சொன்னது. நாட்டின் மக்கள்தொகையில் அப்போது நமது பங்கோ 13.4 சதவீதம். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ராஜகிரியிலும் கூத்தாநல்லூரிலும் அதிரையிலும் பத்தாவது முடித்த எத்தனை பேர் விண்ணப்பம் போட்டீர்கள்? பாஸ்போர்ட்டுக்குப் போடும் விண்ணப்பத்தைச் சொல்லவில்லை! போலீஸ் நம்முடையதில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது எப்போது நம்முடையதாகும்?

நமது ஆள் என்பதற்காகச் சலுகை காட்டச் சொல்லவில்லை. சாத்தான்குளத்தில் உண்மையைச் சாட்சி சொன்னவரும் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர்தான். காக்கிக்குள் மனசாட்சி இருக்கிறது. அது ஊருக்கு ஊர் பெருக வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை: புகார் கொடுக்கத் தரகர் வேண்டாம். எழுத்தில் கொடுங்கள், மனு ரசீது கேளுங்கள். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இந்த உரிமைகளைத் தருகிறது. கைது செய்தால் உறவினருக்குத் தகவல், 24 மணி நேரத்தில் மாஜிஸ்ட்ரேட் முன் ஆஜர். இவற்றை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கடையிலும் ஒட்டுங்கள். அமைதிக் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடட்டும். எல்லாச் சமூகத்தாரும் உட்காரட்டும். போன கூட்டத்தின் புகார்கள் என்ன ஆயின என்ற கேள்வியோடு அது தொடங்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியைப் பரப்பாதீர்கள். தவறு செய்பவன் நம்மவன் என்றாலும் மறைக்காதீர்கள். அப்போதுதான் நிலையத்தில் நிமிர்ந்து நின்று கேட்க முடியும்.

பொன்னாடைக்குச் செலவழிக்கும் பணத்தில் காவலர் தேர்வுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்துங்கள். எந்த ஜமாஅத் முதலில் தொடங்கப் போகிறது?