மார்பில் பால் கட்டினால்

"பால் கட்டிப்போச்சு" என்ற சொல்லை எங்கள் வீடுகளில் மூன்று வேறு விடயங்களுக்குப் பாவிக்கிறோம். பிள்ளை பிறந்து மூன்றாம், நாலாம் நாளில் இரண்டு மார்பும் கல்லுப்போல விம்மி நிற்பது ஒன்று. பிறகு எப்போதாவது ஒரு பக்கத்தில் மட்டும் புளியங்கொட்டை அளவிலோ தேசிக்காய் அளவிலோ ஒரு கட்டி தோன்றி, தொட்டால் நோவது இன்னொன்று. குளிரும் காய்ச்சலும் சேர்ந்து மார்பு கொதிப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே கைவைத்தியத்தைச் செய்யப்போய்த்தான் பல தாய்மார் கஷ்டப்படுகிறார்கள். இந்த மாதம் நடுவில் சொன்ன அந்தக் கட்டியைப் பற்றிப் பேசுவோம்.

நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்துவிட்டுக் கிராமங்களுக்குப் போய் வருகிற ஒருத்தி. ஆனால் வீட்டுக்கு வீடு போகும்போது பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. முதல் பிள்ளை பிறந்தால் தாய் பக்கத்தில் இருப்பதுதான் எங்கள் வழக்கம். சரக்கு அரைத்துக் கறி வைப்பதிலிருந்து பிள்ளையை எப்படிப் பிடித்துப் பால் கொடுப்பது என்பது வரை அவர்தான் சொல்லிக் கொடுப்பார். வன்னியில் இன்று பிள்ளை பெறுகிறவர்களில் பலர் 2009 இல் சிறுமிகளாக இருந்தவர்கள். அந்த ஆண்டிலேயே தாயைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். சொல்லித்தர ஆளில்லாத வீட்டில் ஒரு சின்னக் கட்டியும் பெரிய பயமாகிவிடுகிறது. புற்றுநோயோ என்று இரண்டு இரவு நித்திரை இல்லாமல் இருந்த ஒரு தாயை எனக்குத் தெரியும்.

மார்புக்குள் பால் சுரக்கும் இடங்களிலிருந்து காம்பு வரை மெல்லிய பாற்கான்கள் பல ஓடுகின்றன. கானுக்குள் பால் தயிர்போலத் திரண்டு அடைத்துவிடுகிறது, அதை அமத்தித் தள்ளி வெளியேற்ற வேண்டும் என்றுதான் முன்பு சொல்லி வந்தார்கள். இப்போது வேறுவிதமாக விளங்கப்படுத்துகிறார்கள். கானைச் சுற்றியுள்ள பகுதி வீங்கி, கானை வெளியிலிருந்து நெருக்குவதால் பால் தேங்குகிறது. தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச வைத்தியர் கழகம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது. அப்படியென்றால் அந்தக் கட்டியை விரலால் அழுத்திப் பிசைவதும், சீப்பால் வாருவதும், கொதிக்கக் கொதிக்க ஒத்தணம் பிடிப்பதும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். சுளுக்கி வீங்கின காலை யாராவது இப்படிப் பிசைவார்களா?

கட்டி உள்ள பக்கத்தில் பால் கொடுப்பதை நிற்பாட்ட வேண்டாம். பிள்ளை கேட்கிறபோது வழமைபோலக் கொடுங்கள். பிள்ளையின் வாய் நன்றாகத் திறந்து, காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் பெருமளவு வாய்க்குள் போகவேண்டும். நாடி மார்பில் முட்ட வேண்டும். கொடுத்த பிறகு, மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைக்கலாம். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி வையுங்கள். பால் கொடுப்பதற்குச் சற்று முன் இளஞ்சூட்டுத் துணி போட்டால் பால் இலகுவாக இறங்குகிறது என்பவர்கள் அதைச் செய்யலாம், சூடு மட்டும் கூடக்கூடாது. தடவுவதென்றால் பூனையைத் தடவுவதுபோல மெதுவாக, கமக்கட்டுப் பக்கமாகத் தடவுங்கள். நோவுக்குப் பாலூட்டும் தாய் பனடோல் போடலாம். வீக்கம் குறைய இபுபுரூபனும் கொடுப்பார்கள்; வயிற்றுப் புண், இழுப்பு உள்ளவர்கள் அதைக் கேட்காமல் போடக்கூடாது. இறுக்கமான உள்ளாடையைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் கட்டி கரைந்துவிடும்.

கட்டியைக் கரைக்கிறேன் என்று நாள் முழுக்கப் பாலைப் பிழிந்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். இறைக்கிற கிணறு ஊறும். பிள்ளையின் தேவைக்கு மேல் எடுத்தால் மார்பு இன்னும் கூடச் சுரக்கும், வீக்கமும் கூடும். தாங்க முடியாமல் இருந்தால் நோவு தணியுமட்டும் கொஞ்சம் எடுத்தால் போதும்.

அடுத்ததை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கென்றே எழுதுகிறேன். மார்பிலோ நெஞ்சிலோ செல் துண்டு பட்ட தழும்போடு, எரிகாயத் தழும்போடு தாயானவர்கள் எத்தனையோ பேர். ஒரு தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து நாலாம் நாள் தழும்புக்குப் பின்னால் கட்டி விழுந்தது. "காயப்பட்ட பக்கத்துப் பால் பிள்ளைக்குக் கூடாது" என்று மாமி சொல்லி, பால்மா வாங்கவும் ஆள் அனுப்பியாயிற்று. உண்மையில் நடப்பது இதுதான். காயம் பட்ட இடத்தில் சில கான்கள் அறுந்திருக்கலாம். அவற்றுக்குப் பின்னால் சுரக்கிற பாலுக்கு வெளியேற வழியில்லை. அந்தப் பகுதி சில நாட்கள் விம்மி நோகும். பிறகு தானாகவே சுரப்பை நிறுத்திவிடும். மிச்சக் கான்களால் வருகிற பால் நல்ல பால். ஆறின தழும்பு பாலைக் கெடுக்காது. மற்ற மார்பும் இருக்கிறது; ஒரு மார்பாலேயே பிள்ளையை வளர்த்தெடுத்த தாய்மார் உண்டு. அந்தத் தங்கச்சியின் பிள்ளைக்குக் கிளினிக் கொப்பியில் நிறை ஒழுங்காக ஏறியது. மாமியும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அவர் ஆரம்பத்தில் கிளினிக் போக மறுத்தார். காரணம் கேட்டபோது, "எங்க காயப்பட்டது எண்டு கேப்பினம் அக்கா" என்றார். இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. காயத்தின் கதையை நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஆண்டில் காயப்பட்டது, சத்திரசிகிச்சை நடந்ததா, துண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்ற மூன்றும் சிகிச்சைக்குப் போதும். மறைப்புக்குள் வைத்துப் பார்க்கும்படியும், குடும்பநல உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்கும்படியும் கேளுங்கள். கர்ப்ப காலத்திலேயே அவரிடம் தழும்பைக் காட்டி வைப்பது இன்னும் நல்லது.

"பயந்த பால், அழுத பால் பிள்ளைக்கு ஆகாது" என்ற பேச்சும் இன்னும் இருக்கிறது. கவலையோடு இருக்கும்போது பால் இறங்கச் சற்றுத் தாமதமாகும், அது உண்மை. பால் நஞ்சாவதில்லை. கட்டி உள்ள பக்கத்துப் பால் கொஞ்சம் உப்பாக இருக்கலாம். பிள்ளை முகத்தைச் சுழிக்கும், அவ்வளவுதான். இதற்காகப் பால்மாவுக்கு மாறியவர்கள் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் மாப்பெட்டி தேடி அலைந்ததை மறந்திருக்க மாட்டார்கள்.

எப்போது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்? கட்டியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்து ஒரு நாளுக்குள் தணியாவிட்டால் போங்கள். கடும் காய்ச்சலென்றால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். எங்கள் நிறத்துக்குச் சிவப்பு தெளிவாகத் தெரியாது. புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள், தோல் மினுங்குகிறதா என்று பாருங்கள். கிருமி தொற்றியிருந்தால் பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்து தருவார்கள். சீழ் பிடித்தால் ஊசியாலோ சிறு வெட்டாலோ எடுப்பார்கள். அப்போதும் பொதுவாகப் பால் கொடுக்கலாம். பிள்ளை பிறந்து ஆறு கிழமைக்குள் வருகிற காய்ச்சலைப் "பால் காய்ச்சல்" என்று வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. கருப்பையில் கிருமி தொற்றியும் அந்தக் காய்ச்சல் வரும். காய்ச்சலோ நோவோ இல்லாமல், பால் கொடுத்தும் மாறாமல் இரண்டு கிழமைக்கு மேல் இருக்கிற கட்டியையும் காட்ட வேண்டும்.

ஆடைத்தொழிற்சாலைகளுக்கு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்குத்தான் கட்டி அடிக்கடி வருகிறது. காலையிலிருந்து பின்னேரம் வரை பால் தேங்கினால் வராமல் என்ன செய்யும்? மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை 9 மணித்தியால வேலைக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளையை வைத்திருக்க இடம் கொடுத்திருந்தால் தலா 30 நிமிடம், இல்லையென்றால் தலா ஒரு மணித்தியாலம். தர மறுத்தால் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். வீட்டுக்குப் போய்வர முடியாதவர்கள் கையைக் கழுவி, மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பிழிந்து வைக்கலாம். எங்கள் வெயிலுக்கு 4 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். வீட்டில் பார்க்கிறவர்கள் அதைக் கரண்டியாலோ சின்னக் கோப்பையாலோ பருக்கலாம். சூப்பிப் போத்தல் தேவையில்லை.

பால் மறக்கடிப்பது பற்றிக் கேட்டு எழுதியவர்களுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன்.