தரவையில் எழும் பாட்டு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வழியில், வல்லை வெளியைப் பஸ் ஜன்னலால் பார்த்திருப்பீர்கள். பார்க்குமிடமெல்லாம் காற்றும் காய்ந்த புல்லும்தான். ‘சும்மா கிடக்கிற காணி’ என்று சொல்லிவிடுகிறோம். இத்தகைய வெளிகளும் தரவைகளும்தாம் வானம்பாடியின் வீடு.

‘மண் நிறத்தில் ஒரு குருவி தரையில் ஓடித் திரிகிறது, சிட்டுக்குருவியா, வானம்பாடியா?’ என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். முதலில் காலைக் கவனியுங்கள். சிட்டுக்குருவி தத்தித் தத்திப் போகும். வானம்பாடி நடக்கும், ஓடும்.

இலங்கையில் நிரந்தரமாக வாழும் வானம்பாடிகள் மூன்று வகை. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். எழுவதையும் இறங்குவதையும் பார்க்க வேண்டும்.

சின்ன வானம்பாடி தரையிலிருந்து நேரே மேலேறி, கண்ணுக்கு ஒரு புள்ளியாகும்வரை போய், அங்கேயே சிறகடித்தபடி நெடுநேரம் பாடும். தலையில் சிறு கொண்டை உண்டு. புதர் வானம்பாடி அவ்வளவு உயரம் போகாது. பற்றை நுனியிலிருந்தோ கம்பியிலிருந்தோ சற்றே எழும்பி, சிறகை விரித்து, காலைத் தொங்கவிட்டுப் பாராசூட் போல இறங்கும். பறக்கும்போது சிறகில் செம்பழுப்பு தெரியும்.

எனக்குப் பிடித்தது சாம்பல் தலை வானம்பாடிதான். சிட்டுக்குருவியிலும் சிறியது. ஆணுக்குச் சாம்பல் உச்சி, வெண் கன்னம், கரிய வயிறு. மேலே ஏறி, சிறகை மடக்கி, சீழ்க்கையடித்தபடி கல் விழுவதுபோல் விழும். ‘ஐயோ!’ என்னும்போதே மீண்டும் மேலெழும். பெண்ணோ வெறும் மணல் நிறம். சகோதரியைக் குழப்பியது இதுவாக இருக்கலாம். பக்கத்தில் ஆண் நிற்கிறதா என்று பாருங்கள். ஆள் நெருங்கினால் தரையோடு தரையாகப் பதுங்கிவிடும். காலடிக்கு வரும்வரை தெரியாது.

இன்னொரு குழப்பம் நெட்டைக்காலி. அதுவும் தவிட்டு நிறம், அதே புல்வெளி. ஆனால் மெலிந்த உடல், மெல்லிய அலகு. நீண்ட வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும்.

வானம்பாடியின் கூடு மரத்தில் இல்லை. தரையில், புற்கட்டையின் ஓரம் ஒரு சிறு குழி. உள்ளே கொஞ்சம் புல், இரண்டு மூன்று புள்ளி முட்டைகள். மாட்டுக் குளம்பும் டிராக்டர் சில்லும் அதற்கு ஒன்றுதான். ‘சும்மா கிடக்கிற’ இடமென்று நாம் கொட்டும் குப்பைக்கு நாயும் காகமும் வரும்; வந்தவை முட்டையையும் விடா.

பிள்ளைகளோடு போகிறவர்கள் விடியற்காலையில் போங்கள். கூடு கண்ணில் பட்டால் தொடாமல், சுற்றி நின்று பார்க்காமல் விலகிவிடுங்கள். நாம் அப்பால் போகும்வரை தாய் திரும்பாது. அதற்குள் முட்டை வெயிலில் கிடக்கும்.