குறி தப்பினா கொஞ்சம் உட்காருங்க பாஸ்!

இந்த வாரம் ஒரு வேட்டைக் கதை. பதறாதீங்க, ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு யாரும் போன் போட வேண்டாம். என் கையில இருந்தது வில்லும் அம்பும் இல்ல. ஹாஸ்டல் மேட்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டுப் போன பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா!

திருச்சுழிக்குப் பக்கத்துலதான் எங்க சித்தப்பா ஊர். அருப்புக்கோட்டையில இறங்கி டவுன் பஸ் பிடிக்கணும். திருச்சுழின்னா ரமண மகரிஷி பிறந்த ஊர்னு எல்லாருக்கும் தெரியும். 'அந்தப் பக்கம் புள்ளிமான் இருக்கு'ன்னு கிளாஸ்ல சொன்னா, 'டேய், அங்க ஆடே நிழலுக்கு அலையும்டா'ன்னு சிரிக்கிறாங்க. ஆனா நிஜமாவே இருக்கு. வானம் பார்த்த கரிசல் பூமி, தண்ணி வத்திப் போன கண்மாய், அதுக்குள்ள சீமைக்கருவேலம் காடா மண்டிக் கிடக்கும். பகல் முழுக்க மான் அதுக்குள்ள படுத்துக்கும். பொழுது சாயும்போது மெதுவா வெளிய வரும்.

சித்தப்பாவுக்கு மான் மேல பெரிய பாசமெல்லாம் கிடையாது. முளைச்சு வர்ற உளுந்தை நுனி நுனியா கிள்ளித் தின்னுட்டுப் போனா யாருக்குத்தான் பாசம் வரும்? ஆனா கோடையில அது தண்ணிக்கு அலையறதைப் பார்த்தா மட்டும் மனசு இளகிடுவாரு. வெயில் காலத்துல புள்ளிமானுக்கு தினமும் தண்ணி வேணும். ஊருக்கு வெளிய ஒரு ஊருணி. அதுல கடைசியா இடுப்பளவு தண்ணி. அங்கதான் நம்ம ஹீரோ வருவாரு.

ஹீரோன்னா சும்மா இல்ல. பக்கத்துக்கு மூணு கிளையா ரெண்டு பக்கமும் விரிஞ்ச கொம்பு. 'நாலஞ்சு வருஷமா பார்க்குறேன், அவ்வளவு சீக்கிரம் கண்ணுல சிக்காதுடா'ன்னு சித்தப்பா சொன்னதும் எனக்கு வெறி ஏறிடுச்சு.

முதல் நாள் சாயங்காலம். ஊருணிக்கு மேற்கே கருவேலங்காடு, கிழக்கே தார் ரோடு. 'சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும்'னு போட்டோகிராஃபி பசங்க சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஃபாலோ பண்ணி, மேற்குக் கரையில காட்டோரமா உட்கார்ந்தேன். மணக்க மணக்க பாடி ஸ்பிரே வேற!

ஆறு மணிக்கு மேல பெட்டை மான்களும் குட்டிகளும் சுத்தி வந்து தண்ணியில வாய் வெச்சதுங்க. கடைசியாத்தான் கொம்பு மான் வந்தது. வந்ததும் குடிக்கல. தலையைத் தூக்கி மூக்கை நீட்டிச்சு. முன்னங்காலை ஓங்கி 'டொப்'புனு தரையில ஒரு தட்டு. எனக்கு கை நடுங்கிடுச்சு. அவசரத்துல அமுக்கினேன். கேமராவுக்குள்ள கண்ணாடி 'கடக்'னு எகிறின சத்தம் எனக்கே இடி மாதிரி கேட்டுச்சு. ஒரு குரைப்புச் சத்தம், அவ்வளவுதான்! மொத்தக் கூட்டமும் சிதறி ரோட்டைப் பார்த்து ஓடுச்சு. அப்பப் பார்த்து டவுன் பஸ் வருது. டிரைவர் அடிச்ச பிரேக்ல பஸ்ஸுக்குள்ள இருந்த கூடையெல்லாம் உருண்டிருக்கும். கடைசியா ஓடின குட்டி, டயருக்கு ஒரு முழம் முன்னாடி தாவிக் கடந்துச்சு.

எனக்குக் கிடைச்ச போட்டோ? கலங்கலா ஒரு வெள்ளை வால்.

சித்தப்பா ரொம்பத் திட்டல. கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அது வந்த வழியை அடைச்சு நீ உக்காந்துக்கிட்டா, அது எந்த வழியாடா திரும்பிப் போகும்?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடல. நான் தப்பவிட்டது ஒரு போட்டோன்னுதான் நினைச்சேன். நூலிழையில தப்பிச்சது ஒரு குட்டியோட உயிர்.

அப்புறம் ராத்திரி முழுக்க நெட்ல தேடினேன். ஒரு மேட்டர் தெரியுமா? நம்ம புள்ளிமான் அமெரிக்காவுலயும் இருக்கு. 1868ல ஹவாய் தீவுகள்ல மொலோகாய்க்கு கொண்டுபோனாங்க. 1932 வாக்குல டெக்சாஸுக்கும் போயிருக்கு. அங்கெல்லாம் இப்ப பெருகிப் போய், வில் அம்போட சட்டப்படியே வேட்டையாடுறாங்க. இங்க அப்படி இல்ல. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைங்கிற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும்போது, கொல்றது, பிடிக்கிறது, துரத்துறது மட்டுமில்ல, அதுக்கான முயற்சியையும் சேர்த்துட்டாங்க. அதாவது, இங்க குறி தப்பினாலும் கேஸ் கேஸ்தான்!

ஆனா அந்த வில்லாளிங்ககிட்ட கத்துக்க நிறைய இருக்கு. நம்ம சப்ஜெக்ட் வேற, ஃபிஸிக்ஸ்! இன்னைக்கு இருக்குற நல்ல காம்பவுண்ட் வில்லுல இருந்து அம்பு செகண்டுக்கு சுமார் 90 மீட்டர் வேகத்துல போகும். சத்தம் 340 மீட்டர். மான் 30 மீட்டர்ல நிக்குதுன்னு வைங்க. நாண் அதிர்ற சத்தம் 0.09 செகண்டுல அதோட காதுக்குப் போயிடும். அம்பு போய்ச் சேர 0.33 செகண்ட். கிட்டத்தட்ட கால் செகண்ட் மானுக்கு போனஸ்! துள்ளிப் பாயணும்னா முதல்ல காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தணும் இல்லையா? அந்த நேரத்துல அம்பு முதுகுக்கு மேல பறந்துடும். வேடன் சரியாத்தான் குறி வெச்சிருப்பான். மான்தான் அந்த இடத்துல இருக்காது.

புறநானூறுல வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சு விக்கெட் எடுத்ததா வன்பரணர் பாடியிருக்காரு. நம்ம ரேஞ்சுக்கு அதெல்லாம் ஓவர். நம்ம ஆளு வள்ளுவர்தான். முயலை அடிச்ச அம்பைவிட, யானைக்குக் குறி வெச்சுத் தப்பின வேலைக் கையில வெச்சிருக்கிறதே சுகம்னு 772வது குறள்ல சொல்லிட்டாரு. மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. ஆனா தப்பின வேலை வெச்சுக்கிட்டு அடுத்து என்ன பண்றது? அதுக்குத்தான் வேடர்கள்கிட்ட பாடம் கேட்கணும்.

தப்பின உடனே பின்னாடியே ஓடாதே. அதே இடத்துல மறுநாளே போய் உட்காராதே. வயசான மான் ஒரு தடவை பட்டா அந்த இடத்தையும் நேரத்தையும் ஞாபகம் வெச்சுக்கும். காத்து உன்கிட்ட இருந்து மானுக்குப் போகக் கூடாது, மான்கிட்ட இருந்து உனக்கு வரணும். அது தலை குனிஞ்சிருக்கும்போது மட்டும் அசை.

நான் அவசரக் குடுக்கை. அடுத்த மூணு நாளும் போய் தூரத்துல நின்னு பார்த்தேன். ஒரு மானும் வரல. விடிஞ்சு போய்ப் பார்த்தா சேத்துல குளம்புத் தடம். நாங்க தூங்கின பிறகு நடுச்சாமத்துல வந்து குடிச்சுட்டுப் போயிருக்கு. என்னால அதுங்களோட டைம்டேபிளே மாறிப்போச்சு!

"பத்து நாள் அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காத"ன்னாரு சித்தப்பா. படுக்கல.

பதினோராவது நாள். சோப்பு இல்ல, ஸ்பிரே இல்ல. சித்தப்பாவோட அழுக்குச் சட்டை. ஊருணிக்கு வந்ததும் அவர் ஒரு பிடி கரிசல் மண்ணை நுணுக்கிக் காத்துல விட்டாரு. தூசி கிழக்கே போச்சு. "மேக்காத்துடா. ரோட்டுப் பக்கம் உக்காரு. அதுக வீட்டு வாசலைத் திறந்து வை."

ரோட்டுப் பக்கம்னா சூரியன் நேரா கண்ணுல அடிக்கும். புள்ளி தெரியாது, நிறம் தெரியாது. போட்டோ வெறும் நிழல் உருவமாத்தான் வரும். தெரிஞ்சும் போய் உட்கார்ந்தேன். கேமராவைச் சுத்தி பழைய துண்டை நாலு மடிப்பாச் சுத்தினேன். கொசு கடிச்சுது, கால் மரத்துச்சு, எறும்பு ஊருச்சு. அசையல.

பெட்டைங்க வந்துச்சு. குட்டிங்க வந்துச்சு. இருட்டப் போற நேரத்துல, அதோ... கொம்பு! காட்டோரத்துலயே ரொம்ப நேரம் நின்னுச்சு. போன தடவை நான் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துச்சு. சத்தியமாச் சொல்றேன், அந்த இடத்தையேதான். அப்புறம் ஒவ்வொரு அடியா இறங்கி வந்து தலையைக் குனிஞ்சுது. குடிக்க ஆரம்பிச்சுது. நான் மூச்சை நிறுத்திட்டு ஒரே ஒரு தடவை அமுக்கினேன். துண்டுக்குள்ள சின்னதா ஒரு சத்தம். காது மட்டும் திரும்புச்சு. தலை நிமிரல. வயிறு நிறையக் குடிச்சுட்டு, வந்த வழியே நடந்து போச்சு. ஆமா, ஓடல. நடந்தே போச்சு.

போட்டோவுல செவந்த வானம், கறுப்பா கொம்பு, தண்ணிக்குள்ள தலைகீழா இன்னொரு கொம்பு. ஹாஸ்டல் மேட் பார்த்துட்டு, "என்னடா, மூஞ்சியே தெரியல?"ன்னான். தெரியாதுதான் மச்சி. ஆனா அதுக்கும் என் மூஞ்சி தெரியல பாரு!

இதை ஏன் சொல்றேன்னா, போன செமஸ்டர்ல எனக்கும் ஒண்ணு குறி தப்பிருச்சு. எந்த சப்ஜெக்ட்னு கேட்கப்படாது. 'அடுத்த தடவை இன்னும் வெறியோட அடிப்போம்'னுதான் இருந்தேன். இப்ப வேற தோணுது. அதே இடத்துல, அதே மாதிரி, இன்னும் வேகமா அமுக்கினா மறுபடியும் வால்தான் கிடைக்கும். முதல்ல காத்து எந்தப் பக்கம்னு பார்க்கணும்.

சித்தப்பா நேத்து போன் பண்ணினாரு. ஊருணியில தண்ணி முழங்காலுக்கு இறங்கிடுச்சாம். லாரித் தண்ணி ஒரு லோடு விடலாமான்னு ஊர்ல பேசிட்டிருக்காங்களாம். 'உளுந்தைத் தின்ன கழுதைக்குத் தண்ணி வேறயா'ன்னு முதல்ல கேட்டது அவர்தானாம். முதல் ஆளா நூறு ரூபா எடுத்து வெச்சதும் அவர்தானாம்!

அடுத்த வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும் அவசரப்பட்டு எதையும் அமுக்காதீங்க!