முறிந்த மாமரமும் காய்க்கும்!

கொல்லையில் நிற்கும் மாமரம் காற்றில் முறிந்தால், "வேரோட தோண்டிப் போடு" என்பதுதான் வீட்டில் எழும் முதல் குரல். அவசரப்படாதீர்கள், சகோதரிகளே! 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் எத்தனையோ மாவும் பலாவும் முறிந்தன. வேர் அசையாமல் நின்றால் அடிமரத்துக்கு உயிர் உண்டு.

திருவெறும்பூரில் எங்கள் இமாம்பசந்த் மரம் ஒரு சித்திரைக் காற்றில், பழைய ஒட்டுக்குக் கீழேயே, முழங்கால் உயரத்தில் முறிந்தது. ஒட்டுக்கு மேலே முறிந்தால் துளிர்ப்பது அதே ஜாதி. கீழே முறிந்தால் வேர்ச்செடியின் நாட்டுக் காய்தான் வரும். "ஸ்கூட்டருக்கு ஷெட் போட்டுக்கலாம்" என்றார் என் கணவர். மரத்தை வைத்த மாமியார் இரண்டு நாள் கொல்லைப் பக்கமே வரவில்லை.

"அத்தை, ஸ்ரீரங்கத்துல நாத்தனார் வீட்டு மரம் இதோட பிள்ளைதானே?" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மரம், இதிலிருந்து ஒட்டுக்கட்டிக் கொடுத்தது.

முறிந்த இடத்தைச் சீராக அறுத்து, போர்டோ பசை தடவினோம். மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான் நல்லது. இரும்புப் பாத்திரம் கூடாது.

நிறையத் துளிர்த்தது. திடமான நான்கை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளினேன். ஆவணியில் நாத்தனார் மரத்தில், துளிர்களின் பருமனுக்கு ஏற்ற குச்சிகளைப் பார்த்து, பத்து நாள் முன்னதாகவே இலைகளைக் காம்பு விட்டு நறுக்கச் சொன்னோம், மொட்டு பருக்கும். தோட்டக்காரர் துளிரின் நுனியை வெட்டி, நடுவில் இரண்டு அங்குலம் பிளந்து, ஆப்பு போல் சீவிய குச்சியைச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கக் கட்டினார். பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும்; அதுதான் சூட்சுமம்.

மூன்று வாரத்தில் மூன்று குச்சிகள் துளிர்விட்டன. ஒட்டுக்குக் கீழே முளைப்பதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் சத்தெல்லாம் அதற்கே போய்விடும். வேர் முற்றியது என்பதால் மூன்றாம் வருஷமே காய்த்தது. முதல் பழத்தை மாமியார்தான் நறுக்கினார். "அதே ருசிடீ!" என்றார்.

தென்னைக்கும் வாழைக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. மா, கொய்யா வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: நல்ல மரத்திலிருந்து ஓர் ஒட்டுச்செடி கட்டி உறவுக்காரர் வீட்டில் வைத்துவிடுங்கள். மரம் போனாலும் ருசி போகாது.