சிமெண்ட் கல்லைப் பிளந்தும் பார்க்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையைச் சுற்றி வேலை செய்யும் கொத்தனார்களும் சிறு ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். ஹாலோ பிளாக்கோ சாலிட் பிளாக்கோ, நசுக்கிப் பார்த்த சான்றிதழ் மட்டும் போதாது என்பது எங்கள் முடிவு.

சிமெண்ட் கல்லுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2185 முதல் பகுதி (2005) கல்லின் நசுங்கு வலிமையைக் கேட்கிறது. நீர் உறிஞ்சல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இழுவிசை வலிமையை அது கேட்பதில்லை. ஆனால், சுவர் நசுங்கிவிட்டது என்று எங்களை யாரும் திரும்பக் கூப்பிட்டதில்லை. ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசலுக்கும், மழைக்காலம் முடிந்து வாய் பிளக்கும் காம்பவுண்டு சுவருக்கும்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டுமே இழுவிசையின் வேலை.

சோதனை எளிது. கல்லின் மேலும் கீழும் நேருக்கு நேராக ஒவ்வொரு இரும்புக் கம்பி வைத்து, நசுக்கிப் பார்க்கும் அதே அழுத்த இயந்திரத்தில் ஏற்றினால் கல் நடுவில் பிளக்கும். 150 மி.மீ. அகலமும் 200 மி.மீ. உயரமும் உள்ள சாலிட் கல்லின் குறுக்கே கம்பி வைத்து, 40 கிலோநியூட்டனில் பிளந்தால் இழுவிசை வலிமை சுமார் 0.85 நியூட்டன்/ச.மி.மீ. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். சி1006 தரநிலை சொல்வதும் இந்த முறைதான். 1943-இல் பிரேசிலின் ரியோவில், சாலைக்கு வழிவிட ஒரு பழைய தேவாலயத்தை உருட்டி நகர்த்தப் பார்த்தார்கள். அதற்கான கான்கிரீட் உருளைகள் செங்குத்தாகப் பிளந்ததைக் கவனித்த பொறியாளர் கார்னெய்ரோ இந்த வழியைக் கண்டார். தேவாலயத்தை இடித்துவிட்டார்கள், சோதனை உலகம் சுற்றிவிட்டது.

'முதலில் விரிசல் விடுவது கல் அல்ல, உங்கள் சாந்து' என்கிறார்கள் கல் அறுக்கும் களத்துக்காரர்கள். பாதி உண்மை. விரிசல் படிப்படியாக இணைப்பு வழியே இறங்கினால் பெரும்பாலும் எங்கள் கைவேலை, ஒத்துக்கொள்கிறோம். கல்லையே நேராக அறுத்துக்கொண்டு போனால்? 14 நாள் ஈரத்தில் வைக்காமல் லாரியில் ஏறிய கல்லா என்று கேட்க வேண்டாமா?

தேர்ச்சி எண் எதையும் இப்போதே விதிக்கச் சொல்லவில்லை. 5,000 கல்லுக்கு 20 கல் மாதிரி எடுக்கும்போது கூடவே 5 கல்லைப் பிளந்து, வந்த எண்ணைச் சான்றிதழில் அச்சிடட்டும். அரசு வேலைகளில் தொடங்கட்டும். அந்த ஐந்து கல்லின் செலவு யாருடையது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. அது முடிவாகும்வரை எங்கள் வேலைகளுக்கு அந்தச் செலவைச் சங்கமே கொடுக்கும்.