மொந்தாயூ மக்களின் வாக்குமூலம்

மத்தியகால ஐரோப்பாவைப் பற்றிப் பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திப் பார்த்தால், அரசர்களும் பாப்பரசர்களும் நடத்திய அதிகாரப் போட்டியும், சிலுவைப் போர்களும், வானளாவிய தேவாலயங்களும், அவற்றின் நிழலில் கேள்வி கேட்க அறியாமல் மண்டியிட்டுக் கிடந்த பாமர ஜனத்திரளுமே கண்முன் வந்து நிற்கின்றன. அந்த யுகத்தை ‘இருண்ட காலம்’ என்று இகழ்வோரும் ‘நம்பிக்கையின் காலம்’ என்று போற்றுவோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: உழுதவனுக்கும் ஆடு மேய்த்தவனுக்கும் சொந்தமாகச் சிந்தனை என்று ஒன்று இருந்ததாக இருசாராருமே கருதவில்லை. இது அம்மக்களுக்கு இழைக்கப்படும் பெரும் அநீதி என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கு மொந்தாயூ என்னும் சிற்றூரே சாட்சி.

பிரான்ஸின் தென்கோடியில், பீரனீஸ் மலைமீது, சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 250 பேர் வாழ்ந்த அவ்வூரில், இந்த ஜட உலகைப் படைத்தது நல்ல தெய்வமன்று, தீய சக்தியே என்று போதித்த காத்தர் மதம் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மறைவாக உயிர்த்திருந்தது. அதை வேரறுக்கப் பாமியே நகரத்து ஆயர் ழாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய விசாரணையில், மக்கள் தம் ஒக்ஸிதான் மொழியில் சொன்னவை லத்தீனில் எழுதப்பட்டு, சொன்னவருக்கே அவர் மொழியில் படித்துக் காட்டப்பட்டு, பின்னர் தோல் ஏட்டில் ஏறின. ஃபூர்னியே 1334-இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்னும் பாப்பரசரானார். அவருடைய விசாரணைப் பேரேடும் வத்திக்கன் நூலகத்தைச் சேர்ந்து பிழைத்தது. அதை ஆதாரமாகக் கொண்டு பிரெஞ்சு வரலாற்றாசிரியர் லெ ருவா லதூரி 1975-இல் எழுதிய நூலால்தான் மொந்தாயூவின் பெயர் உலகறிந்தது.

அந்த ஏட்டைத் திறந்தால் எழுவது வீட்டு வாசலின் பேச்சொலி. பெண்கள் வெயில் காய்ந்தபடி தமக்கு வேண்டியவர்களுக்குப் பேன் பார்த்துக்கொண்டே மோட்சத்தையும் மறுபிறவியையும் பற்றிச் சம்பாஷிக்கிறார்கள். குடும்பத் தலைவர் இறந்ததும், வீட்டின் யோகம் அவரோடு போய்விடக்கூடாதென்று அவருடைய முடியையும் நகத்தையும் கத்தரித்துப் பத்திரப்படுத்துகிறார்கள். ஊர்க் கோட்டைத் தலைவரின் விதவையான பெயாத்ரீஸ் என்னும் உயர்குலப் பெண்மணியோ, வழக்கில் வெற்றி கிட்டும் என்று நம்பித் தம் பேரக் குழந்தைகளின் தொப்புள்கொடியைப் பையில் வைத்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நினைப்பவர்கள், அதே வட்டாரத்து ஊரான ஒர்னொலாக்கைச் சேர்ந்த கியமெத் பெனே என்ற பெண்ணின் சாட்சியத்தையும் படிக்க வேண்டும். உயிர் பிரிந்துகொண்டிருந்த ஒரு பச்சிளங் குழந்தையின் வாயிலிருந்து ஆத்மா வெளியேறுவதைப் பார்க்கலாம் என்று கூர்ந்து கவனித்ததாகவும், காற்றைத் தவிர வேறொன்றும் வெளிவரக் காணவில்லை என்றும், ஆத்மா என்பது இரத்தமே என்று தாம் கருதியதாகவும் அவர் கூறியிருக்கிறார். எந்தக் கலாசாலையிலும் காலடி வைத்திராத, எந்த மதபோதகரிடமும் பாடம் கேட்டிராத ஒரு கிராமத்துப் பெண், சாவின் அருகில் அமர்ந்து, தன் கண்ணையே பிரமாணமாகக் கொண்டு கண்ட முடிவு அது. அதை எத்தனை முறை நினைத்தாலும் என் மனம் நெகிழ்கிறது. பக்தியும் ஐயமும் பழைய குலாசாரமும் ஒரே அடுப்பங்கரையில் கூடி வாழ்ந்தன என்பதே உண்மை. ஆட்டுமந்தையின் பெருக்கத்திலும் தசமபாகம் வேண்டும் என்று ஆயர் ஃபூர்னியே வற்புறுத்தியபோது எழுந்த முணுமுணுப்பில், வயிற்றின் நியாயமும் வேதாந்த விசாரமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

ஆனால் இந்தப் பேரேட்டைப் படித்து மகிழும் நாம் ஒன்றை மறக்கலாகாது. இக்குரல்கள் நமக்குக் கிடைத்தது, அவற்றை அடக்க வந்தவர்களின் எழுதுகோலால்தான். ஃபூர்னியேவுக்கு முன் நடந்த விசாரணையில், 1308-இலேயே ஊரின் வயது வந்தவர்கள் யாவரும் ஒருசேரக் கைதானார்கள். சிலர் எரியூட்டப்பட்டனர், பலர் தண்டனையின் அடையாளமாக உடையில் மஞ்சள் சிலுவை தைத்துக்கொண்டு நடமாட வேண்டியதாயிற்று. ஆர்னோ சீக்ர் என்பவனின் தாய் காத்தர் நம்பிக்கைக்காக எரிக்கப்பட்டு, அவளுடைய வீடும் பறிமுதலாயிற்று. அந்த வீட்டைத் திரும்பப் பெறவேண்டி மகன் ஒற்றனாகி, தாயின் மதத்தைச் சேர்ந்த குருவான பெலிபாஸ்தைப் பிடித்துக் கொடுத்தான். 1321-இல் அந்தக் குருவும் தீக்கிரையானார். அச்சத்தில் பிறந்த வாக்குமூலத்தைச் சரித்திர ஆதாரம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட என்னால் இயலவில்லை.

பியேர் மோரி என்ற இடையர் அந்த ஏட்டில் நெடுகிலும் வருகிறார். கோடையில் பீரனீஸ் மேய்ச்சல் நிலங்களிலும் குளிர்காலத்தில் கத்தலோனியாவின் தாழ்நிலங்களிலும் மந்தையோடு திரிந்து, நண்பர்களுக்கு ரொட்டியைப் பகிர்ந்து கொடுத்து வாழ்ந்தவர் அவர். ஆபத்து சூழ்ந்த அந்த வாழ்க்கையை விட்டுவிடும்படி பிறர் சொன்னபோது, தாம் வளர்ந்த விதமாக அன்றி வேறு விதமாக வாழத் தமக்குத் தெரியாது என்று மறுத்துவிட்டார். 1324-இல் அவருக்கு விதிக்கப்பட்டது சிறைத்தண்டனை.